நூலுக்கு வெண்சாமரம், சிலைக்கு இடமில்லை: சீக்கியர்களைப் பற்றி வாசகர் கேள்விகள்

பொற்கோயிலைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன. அதனால் இந்த மாதம் முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: குடும்பத்தோடு அமிர்தசரஸ் போயிருந்தோம். இரவில் அந்தப் பெரிய நூலைப் பட்டு போர்த்தி, பல்லக்கில் ஏற்றி, கொம்பு ஊதி எடுத்துப் போனார்கள். ஓர் அறையில் படுக்க வைப்பார்களாம். நம் கோயில்களில் சுவாமி பள்ளியறைக்குப் போவதும் இதேதானே? சிலை வேண்டாம் என்றவர்கள் புத்தகத்தையே சிலையாக்கிவிட்டார்கள் என்கிறார் என் கணவர். சரியா?
— ஓர் இல்லத்தரசி

உங்கள் கணவர் கண்ணால் பார்த்ததில் தவறில்லை. வெண்சாமரம், விதானம், பல்லக்கு, பட்டு எல்லாம் நம் நாட்டில் அரசருக்கும் தெய்வத்துக்கும் செய்கிற மரியாதைகள். அதை அப்படியே சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபுக்குச் செய்கிறார்கள். ஆனால் மரியாதை ஒன்றாக இருப்பதாலேயே நம்பிக்கையும் ஒன்றாகிவிடாது.

நான் வங்கி வேலையில் அமிர்தசரஸில் இருந்த வருஷங்களில் அந்த இரவு ஊர்வலத்தைப் பார்க்க அடிக்கடி போவேன். கூட்டத்தின் கண் பல்லக்கின் மேல்தான் இருக்கும். தண்டுக்கு ஒரு நிமிஷமாவது தோள் கொடுக்க ஆண்கள் முண்டியடிப்பார்கள். அடுத்த முறை போனால், பல்லக்கு புறப்படுவதற்கு முன் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். ராகிகள் என்கிற பாடகர்கள் பாட்டை முடிப்பார்கள். எல்லோரும் எழுந்து நின்று அர்தாஸ் என்கிற பொதுப் பிரார்த்தனை சொல்வார்கள். பிறகு நூலை வாசிக்கும் பொறுப்பில் இருக்கும் கிரந்தி அதிலிருந்து ஒரு பாடலை நிதானமாக வாசிப்பார். அத்தனை கூட்டமும் கைகூப்பிக் காது கொடுக்கும். அதன் பிறகுதான் நூலை மூடுவது, வெள்ளைத் துணியில் சுற்றுவது, மேலே ருமாலா என்கிற பட்டு போர்த்துவது, தலையில் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம்.

நூல் இரவில் தங்குவது அதே வளாகத்தில் இருக்கும் அகால் தக்தில், சீக்கியர்களின் தலைமைச் சமய பீடம் அது. விடியலுக்கு முன் அங்கிருந்து திரும்ப வரும். விரித்து வைத்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? திறந்த பக்கத்தின் இடப்புற மேல்மூலையில் இருக்கும் பாடலை வாசிப்பது. அந்தப் பாடல் முந்தின பக்கத்திலேயே ஆரம்பித்திருந்தால், பக்கத்தைத் திருப்பி அதன் முதல் வரியிலிருந்து வாசிப்பார்கள். அதுதான் ஹுக்கம்நாமா, அன்றைக்குக் குரு இட்ட கட்டளை. அதைப் பலகையில் எழுதி வைப்பார்கள். இப்போது கைப்பேசி வழியாக உலகம் முழுக்கப் போய்விடுகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சீக்கியர் அந்த நூலைக் கடவுளாக நினைப்பதில்லை, குருவாக நினைக்கிறார். கடவுளுக்கு உருவம் கிடையாது, பிறப்பும் கிடையாது என்பது நூலின் முதல் வரிகளிலேயே வந்துவிடுகிறது. ஐந்தாம் குரு அர்ஜன் தேவ் 1604-ல் பாடல்களைத் தொகுத்து ஹர்மந்திர் சாகிபில், அதாவது பொற்கோயிலில், வைத்தார். பத்தாம் குரு கோபிந்த் சிங் 1708-ல் நாந்தேடில் உயிர் துறக்கும் முன், இனி மனித குரு கிடையாது, இந்த நூலே குரு என்றார். குருவுக்கு என்ன மரியாதையோ அது நூலுக்குக் கிடைக்கிறது. குரு பேசுவார், நாம் கேட்க வேண்டும். மூடி வைத்த நூலுக்குப் பூவைப் போட்டுவிட்டு வந்துவிடுவது அங்கே வழிபாடே ஆகாது.

நம் கோயிலில் சிலைக்குப் பிராணப் பிரதிஷ்டை செய்கிறோம். இறைவன் அந்தத் திருமேனியில் எழுந்தருளியிருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. நூலுக்கு அப்படி எந்தச் சடங்கும் இல்லை. அச்சாகும் பிரதிகள் எல்லாவற்றிலும் 1430 பக்கம், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வரிக்கு வரி ஒன்றுபோலவே இருக்கும். இந்தப் பிரதி உசத்தி, அது மட்டம் என்று கிடையாது. மிகப் பழசாகிக் கிழிந்த பிரதிகளைக் கோயிந்த்வால் சாகிபில் முறைப்படி எரியூட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று. வெறும் படிப்பைக் கூட அந்த நூல் விட்டுவைக்கவில்லை. வண்டி வண்டியாகப் புத்தகம் படித்தாலும், வருஷக் கணக்கில் படித்தாலும், மூச்சு இருக்கும் மட்டும் படித்தாலும் கணக்கில் வருவது ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அகங்காரத்தின் பிதற்றல் என்று குரு நானக் ‘ஆசா தீ வார்’ என்ற பாடலில் சொல்கிறார். தினமும் விடியற்காலையில் பொற்கோயிலில் பாடுவது இந்தப் பாடலைத்தான். தன்னையே கும்பிட்டுக்கொண்டு நின்றுவிடாதே என்று அந்த நூலே சொல்வதாகத்தான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கணவரின் சந்தேகம் சீக்கியர்களுக்கும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சில குருத்வாராக்களில் நூலை வைக்கும் அறைக்குக் குளிர்சாதனம், குளிர்காலத்தில் கம்பளி என்றெல்லாம் ஆகிவிட்டது. நாற்பத்தெட்டு மணி நேரம் இடைவிடாமல் வாசிக்கும் அகண்ட பாடத்துக்குப் பணம் கட்டிவிட்டு வீட்டில் ஒருவர்கூட உட்கார்ந்து கேட்காத குடும்பங்கள் இருக்கின்றன. இது நேராக விக்கிரக வழிபாட்டில்தான் போய் முடியும் என்று அங்கே கண்டித்துப் பேசுகிறவர்கள் பலர். 1945-ல் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்ட ரெஹத் மர்யாதா என்ற நடத்தை விதி, வாசிப்பு நடக்கும்போது பக்கத்தில் தண்ணீர்க் குடம், நெய் விளக்கு, தேங்காய் வைப்பதைக்கூடக் கூடாது என்கிறது. வைத்தார்கள், அதனால்தான் விதி வந்தது.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பாட்டியாலா பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிலத் தகராறு. நம் கோயில் மூர்த்தி சட்டப்படி ஒரு ‘நபர்’, தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம். குரு கிரந்த சாகிபும் அப்படி ஒரு நபரா? சீக்கியர்கள் உருவ வழிபாட்டை ஏற்காதவர்கள் ஆயிற்றே, அதனால் கிடையாது என்று உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நூல் சட்டப்படி நபர்தான், ஆனால் அது விக்கிரகத்துக்குச் சமம் என்பதால் அல்ல, அது குரு என்பதால், அது இருக்கும் இடமே குருத்வாரா என்பதால் என்றார்கள் நீதிபதிகள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் என் அறைத்தோழி பஞ்சாபிப் பெண். சிலை வழிபாடு கிடையாது என்பாள். ஆனால் அவள் அலமாரியில் குரு நானக் படம், அதற்குக் கீழே குரு கோபிந்த் சிங் படம். இதை எப்படிப் புரிந்துகொள்வது?
— ஒரு கல்லூரி மாணவி

அந்தப் படத்தில் குரு நானக் வெள்ளைத் தாடியும் பாதி மூடிய கண்ணுமாக, வலது கையை உயர்த்தி ஆசி வழங்குகிறாரா? அப்படியானால் அது சோபா சிங் வரைந்த படமாகத்தான் இருக்கும். ஹிமாச்சலத்தில் அந்த்ரேட்டா என்ற சின்ன ஊரில் வாழ்ந்த ஓவியர். குரு நானக்கின் 500-ஆவது பிறந்த ஆண்டான 1969-ஐ ஒட்டி வரைந்தது. இன்றைக்குக் குரு நானக் என்றதும் கோடிக்கணக்கானவர் மனதில் எழும் முகம் அதுதான்.

குரு நானக்கின் உண்மையான முகம் எப்படி இருந்தது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அவர் 1469-ல் பிறந்து 1539-ல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்துச் சித்திரம் என்று நம்பத்தக்க ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதற்காகச் சீக்கியர்கள் படமே வரையாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் ஜனம்சாகி ஏடுகளில் அழகழகான சித்திரங்கள் உண்டு. லண்டனில் பாதுகாக்கப்படும் பி-40 என்ற ஏடு 1733-ஆம் வருஷத்தது. ஆலம் சந்த் ராஜ் என்பவர் அதற்குச் சித்திரம் வரைந்தார். அதில் குரு நானக் சிறுவனாக இருந்து மெல்ல மெல்லக் கிழவராகிறார். பக்கத்தில் அவருடைய தோழர் மர்தானா ரபாப் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கிறார். பொற்கோயிலுக்கு அருகிலேயே பாபா அடல் என்ற ஒன்பது மாடிக் கோபுரம் இருக்கிறது, அதன் சுவரிலும் குரு நானக் வாழ்க்கைச் சித்திரங்கள்தான். பொற்கோயில் வளாகத்துக்குள்ளேயே 1958-ல் தொடங்கிய மத்திய சீக்கிய அருங்காட்சியகம் உண்டு. குருக்கள், தியாகிகள் என்று சுவர் நிறைய எண்ணெய் வண்ண ஓவியங்கள்.

ஆகவே படம் வரையலாம், மாட்டலாம், பார்த்து வரலாற்றை நினைத்துக்கொள்ளலாம். அதன் முன் தலை வணங்குவதுதான் கூடாது. ரெஹத் மர்யாதா இதில் தெளிவாக இருக்கிறது. குருத்வாராவுக்குள் சிலையோ படமோ வைத்து வழிபடக் கூடாது, தலை வணங்குவது குரு கிரந்த சாகிப் ஒன்றுக்குத்தான்.

இதெல்லாம் சட்டம். வீட்டுக்குள் நிலைமை வேறு. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவை எல்லோரும் பீஜி என்போம். அவர் சமையலறையில் பஞ்சாப் அண்டு சிந்து பேங்க் காலண்டர் ஒன்று தொங்கும். அந்த வங்கி ஒவ்வொரு வருஷமும் சீக்கிய வரலாற்று ஓவியங்களைப் போட்டுக் காலண்டர் கொடுக்கும். வருஷம் முடிந்தாலும் பீஜி அதைத் தூக்கிப் போட மாட்டார். குரு நானக் படம் இருந்த தாளை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். காலையில் மாவு பிசையும் முன் அதற்கு ஓர் ஊதுபத்தி. அம்ரித் என்கிற சீக்கியத் தீட்சை எடுத்துக்கொண்ட மூத்த மகன் ஒருநாள், “பீஜி, இது நம் வழியில்லை, நீங்களே ஜப்ஜி பாடம் சொல்கிறவர்” என்றார். ஜப்ஜி என்பது சீக்கியர்களின் காலைப் பிரார்த்தனை. பீஜி சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து ஊதுபத்தி நின்றுவிட்டது, படம் அங்கேயே இருந்தது. அதன்பின் அதே இடத்தில் நின்று, படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஜப்ஜியைச் சொல்ல ஆரம்பித்தார். “மகனே, முகம் பார்த்தால் மனசு அதிலேயே நின்றுவிடுகிறது” என்று என்னிடம் பிறகு சொன்னார். விதியை எத்தனையோ பேர் விளக்கிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

குரு கோபிந்த் சிங் தன்னைப் பற்றியே கடுமையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்னைப் பரமேசுவரன் என்கிறவர்கள் நரகத்தில் விழுவார்கள், நான் அவனுடைய அடிமை மட்டுமே என்பது ‘பச்சித்தர் நாடக்’ நூலில் உள்ள வரிகளின் பொருள். உங்கள் தோழி படத்தை வைத்திருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. அதற்கு மாலை போட்டு விளக்கேற்றினால், அவளுடைய பாட்டியே கேள்வி கேட்பார்.

கேள்வி: ஒரு காலத்தில் பொற்கோயிலுக்குள்ளேயே இந்துச் சிலைகள் இருந்தன, பிறகுதான் அகற்றினார்கள் என்று படித்தேன். உண்மையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

உண்மை. ஆனால் கருவறை போல நடுவில் இருக்கும் ஹர்மந்திருக்குள் அல்ல, குளத்தைச் சுற்றி நடக்கும் பரிக்கிரமாவில். சிலைகளோடு பூசாரிகள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், யாத்திரிகர்கள் காணிக்கை போடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல குருத்வாராக்களின் நிர்வாகம் உதாசிகள் என்ற துறவிப் பிரிவு போன்றவற்றைச் சேர்ந்த மகந்துகளின், அதாவது மடத் தலைவர்களின், கையில் இருந்தது. அவர்களுக்குச் சிலை அந்நியமாகப் படவில்லை. வந்துபோன மக்களிலும் பலருக்கு அப்படித்தான். வேறு வேறு என்ற கோடே பல வீடுகளில் அப்போது இல்லை.

இதை எதிர்த்த முதல் குரலில் ஒன்று ராவல்பிண்டியில் எழுந்தது. பாபா தயாள் (1783–1855) என்பவர், உருவமற்றவனை விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், அவர் வழிவந்தவர்கள் நிரங்காரிகள் எனப்பட்டார்கள். 1873-ல் அமிர்தசரஸில் சிங் சபை என்ற சீர்திருத்த இயக்கம் தொடங்கியது. அந்த இயக்கத்தின் நெருக்கடியில்தான் 1905-ல் பொற்கோயில் நிர்வாகி அரூர் சிங் பரிக்கிரமாவிலிருந்து சிலைகளை எடுக்க உத்தரவிட்டார். பெரிய சர்ச்சை ஆனது. இந்துக்கள் மட்டும் இல்லை, சீக்கியர்களிலும் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் கும்பிட்டுப் பழகியவர்களுக்கு அது வலித்திருக்கும். அதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆனால் அது சீக்கியர்களின் வீடு, அங்கே எதை வைக்கலாம் என்பது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது. 1920-ல் குருத்வாரா கமிட்டி அமைந்தது. போராட்டத்தில் பலர் உயிர் கொடுத்தார்கள். 1925-ல் குருத்வாராச் சட்டம் வந்ததும் நிர்வாகம் முழுக்க மாறிப்போனது.

கேள்வி: உருவ வழிபாடு வேண்டாம் என்பது இஸ்லாமிடமிருந்து வந்ததுதானே? பஞ்சாபில் முஸ்லிம்களோடு வாழ்ந்ததால் இப்படி ஆனது என்று நண்பர் சாதிக்கிறார்.
— ஒரு வாசகர்

பக்கத்து வீட்டுக் காற்று படாமல் யாரும் வாழ முடியாது. குரு கிரந்த சாகிபில் சூஃபி ஞானி ஷேக் ஃபரீதின் பாடல்களும் இருக்கின்றன. ஆனால் உங்கள் நண்பர் நூலைத் திறந்து நாமதேவரைப் படித்தால் தன் கட்சியை விட்டுவிடுவார்.

நாமதேவர் மகாராஷ்டிரத்துக்காரர், தையல் தொழில் செய்த குடும்பம், பண்டரிபுர விட்டலனின் அடியார். நம் பஜனை மடங்களில் பாடப்படும் அதே நாமதேவர்தான். அவருடைய 61 பாடல்கள் குரு கிரந்த சாகிபில் இருக்கின்றன. அதில் ஒன்று சொல்கிறது: ஒரு கல்லிடம் அன்பு காட்டுகிறாய், இன்னொரு கல்லின் மேல் காலை வைக்கிறாய். அது தெய்வம் என்றால் இதுவும் தெய்வம்தானே?

கபீர் இன்னும் நேராகவே கேட்பார். பூஜைக்கு இலை பறிக்கும் பெண்ணைப் பார்த்து, நீ பறிக்கும் ஒவ்வோர் இலையிலும் உயிர் இருக்கிறது, யாருக்காகப் பறிக்கிறாயோ அந்தக் கல்லில்தான் உயிர் இல்லை என்கிறார். பிறகு சிற்பியைக் காட்டுகிறார். கல்லைச் செதுக்கியவன் சிலையின் மார்பில் கால் வைத்து நின்றுதானே செதுக்கினான், இது உண்மைத் தெய்வமென்றால் முதலில் அவனை அல்லவா விழுங்கியிருக்க வேண்டும்? சோறும் பருப்பும் அல்வாவும் பூசாரி சாப்பிட்டார், சிலையின் வாயில் சாம்பல்தான். படிக்கும்போது சுருக்கென்று தைக்கும். தினமும் பூஜை செய்கிற வீட்டில் பிறந்த எனக்கு முதல் முறை வாசித்தபோது தைத்தது.

இதே நூலில், இதே நாமதேவர், கபில நிறப் பசுவைக் கறந்து பால் கொண்டுவந்து, “கோவிந்தா, குடி. நீ குடித்தால்தான் என் மனசு ஆறும்” என்று கெஞ்சுகிற பாடலும் இருக்கிறது. கடவுள் நாமதேவரைப் பார்த்துச் சிரிக்கிறான், குடிக்கிறான், நாமதேவர் வீட்டுக்குப் போகிறார். சாதியைச் சொல்லிக் கோயிலிலிருந்து அவரை விரட்டியதும், பின்பக்கம் போய் உட்கார்ந்த அவருக்காகக் கோயிலே திரும்பி நின்றது என்ற பாடலும் உண்டு. குரு அர்ஜன் தேவ் தொகுத்தபோது இவற்றை விலக்கவில்லை. கல்லைக் கேலி செய்த பாடலும் கல்லுக்குப் பால் ஊட்டிய பாடலும் ஒரே நூலில் ஒரே மரியாதையோடு இருக்கின்றன. பக்திக்கு இடம் உண்டு, பக்தியைக் கல்லோடு நிறுத்திக்கொள்வதற்குத்தான் இடமில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்தக் கேள்விகள் முஸ்லிம்களையும் விட்டதில்லை. கருணையை மசூதியாக்கு, நம்பிக்கையைத் தொழுகை விரிப்பாக்கு என்று அவர்களுக்குப் பாடியவர் குரு நானக். கருணைப் பஞ்சில் நூற்ற, திருப்தி என்ற நூலாலான பூணூல் இருந்தால் கொடு, போட்டுக்கொள்கிறேன் என்று பண்டிதரிடமும் அவர்தான் சொன்னார். வெளிச்சடங்கு யாருடையதானாலும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

கேள்வி: நாந்தேட் ஹஜூர் சாகிபில் விளக்குகளை ஏந்தி ஆரத்தி எடுப்பதைக் கண்ணால் பார்த்தேன். இது உங்கள் விதியில் எங்கே வருகிறது?
— புனித யாத்திரை போய்வந்த ஒருவர்

நீங்கள் பார்த்தது நிஜம். ஹஜூர் சாகிப், சீக்கியர்களின் ஐந்து தக்துகளில், அதாவது சமய பீடங்களில், ஒன்று. அதற்குத் தனிப் பழைய முறை உண்டு. விளக்கு ஆரத்தி உண்டு, குரு கோபிந்த் சிங்கின் ஆயுதங்களுக்குத் தனி மரியாதை உண்டு. ரெஹத் மர்யாதா தீபம், மணி வைத்து ஆரத்தி எடுப்பதை ஏற்பதில்லை. ஹஜூர் சாகிப்காரர்களோ, குருவின் காலத்திலிருந்து வந்த முறையை நாங்கள் ஏன் விட வேண்டும் என்கிறார்கள். இரண்டு தரப்பும் இன்னும் சமாதானமாகவில்லை.

ஆனால் ஆரத்தி என்ற பெயரில் அங்கேயும் மற்ற எல்லா இடத்திலும் பாடப்படும் பாட்டைக் கேட்டீர்களா? பூரி ஜகந்நாதர் கோயிலில் ஆரத்தி நேரத்தில் குரு நானக் பாடியது என்பது மரபு. வானம் தட்டு. சூரியனும் சந்திரனும் விளக்கு. நட்சத்திரக் கூட்டம் முத்து. மலயத்துச் சந்தனக் காற்று தூபம். வீசும் காற்றே சாமரம். காடெல்லாம் பூ. இப்படி நாள் முழுக்க நடக்கும் ஆரத்திக்கு நான் கையில் என்ன தட்டு ஏந்துவது என்கிறார். எனக்கு அந்த நூலிலேயே மிகப் பிடித்த பாடல் இதுதான். பூரிக்குப் போய், அந்தக் கோயிலைத் திட்டாமல், அந்தக் கோயிலின் ஆரத்தியையே வானம் அளவுக்கு விரித்துவிட்டு வந்திருக்கிறார்.

கேள்வி: அப்படியானால் சீக்கியர்கள் சிலை உடைப்பவர்களா? குரு கோபிந்த் சிங்கே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதாக ஒரு நண்பர் காட்டினார்.
— ஒரு வாசகர்

நண்பர் காட்டியது ஜஃபர்நாமாவாக இருக்கும். 1705-ல் ஔரங்கசீப்புக்குக் குரு பாரசீகத்தில் எழுதிய கடிதம். நான் சண்டை போட்ட மலை ராஜாக்கள் விக்கிரகத்தைக் கும்பிடுகிறவர்கள், நான் விக்கிரகத்தை உடைப்பவன், பிறகு உனக்கு ஏன் என் மேல் கோபம் என்ற தொனியில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை எப்படி வாசிப்பது என்று அறிஞர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. அதே குரு, கோயிலும் மசூதியும் ஒன்றே, பூஜையும் தொழுகையும் ஒன்றே என்று ‘அகால் உஸ்தத்’ பாடலில் பாடியிருக்கிறார்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பதில் தேட வேண்டாம். அவருடைய தந்தையைப் பாருங்கள். ஒன்பதாம் குரு தேக் பகதூர். காஷ்மீரப் பண்டிதர்கள் தங்கள் மதம் பறிபோகிறது என்று அவரிடம் வந்து அழுதார்கள். அவர்கள் காப்பாற்றக் கேட்டது திலகத்தையும் பூணூலையும். குரு நானக் வேண்டாம் என்று மறுத்த அதே பூணூல்! குரு தில்லிக்குப் போனார். 1675 நவம்பரில் சாந்தினி சௌக்கில் தலை வெட்டப்பட்டது. அதற்கு முன் அவர் கண் எதிரே பாயி மதி தாஸ், பாயி சதி தாஸ், பாயி தயாலா மூவரையும் கொன்றார்கள். இன்று அந்த இடத்தில்தான் சீஸ் கஞ்ச் குருத்வாரா நிற்கிறது. தனக்கு உடன்பாடில்லாத வழிபாட்டைச் செய்கிறவர்களின் உரிமைக்காகத் தலையைக் கொடுத்தவருடைய மதம் அது. எந்த மதத்தின் வரலாற்றிலும் இப்படி ஒன்றை நான் எளிதாகக் கண்டதில்லை. விக்கிரக வழிபாடு பற்றிச் சீக்கியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மகாராஜா ரஞ்சித் சிங் 1830-களில் காசி விசுவநாதர் கோயில் சிகரத்துக்குத் தங்கம் கொடுத்தார். கோகினூர் வைரத்தைப் பூரி ஜகந்நாதருக்குத் தர வேண்டும் என்று மரணப் படுக்கையில் விரும்பினார், அது நடக்கவில்லை. இதைப் பழைய பாணிச் சீக்கியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கறாரானவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

கேள்வி: குருக்களைப் பற்றிப் படம் எடுத்தால் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?
— சினிமா ரசிகர் ஒருவர்

ஒரு நடிகர் குருவாக நடித்தால் நாளைக்கு அந்த நடிகர் முகம்தான் மனதில் நிற்கும். பீஜி சொன்ன அதே விஷயம். குருக்களையோ அவர்கள் குடும்பத்தாரையோ மனிதர்கள் நடிக்கக் கூடாது என்பது அகால் தக்தின் நிலை. குரு நானக்கைப் பற்றிய ஒரு படம் 2015-ல் வெளியாகித் திரும்பப் பெறப்பட்டு, 2018-ல் மறுபடி வெளியிடப்பட்டபோது, தயாரிப்பாளரைச் சீக்கியச் சமூகத்திலிருந்தே விலக்கினார்கள். குருவின் உருவத்தைக் கணினியில் உருவாக்கியிருந்தும் இந்த முடிவு.

மற்ற சிலைகள் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. பொற்கோயிலுக்குப் போகும் பாரம்பரியத் தெருவில் குதிரை மேல் ரஞ்சித் சிங் சிலை இருக்கிறது, அதை யாரும் கும்பிடுவதில்லை. அதே தெருவில் வைத்த நாட்டுப்புற நடனக்காரர்களின் சிலைகளை 2020-ல் சில இளைஞர்கள் தாக்கினார்கள். பிறகு அரசே அவற்றை அங்கிருந்து அகற்ற முடிவு செய்தது. புனித இடத்துக்குப் போகும் வழியில் ஆட்டச் சிலை எதற்கு என்பது அவர்கள் வாதம். சொல்ல வந்ததில் நியாயம் இருக்கலாம், கையில் சுத்தியலோடு சொல்லியிருக்க வேண்டாம்.

கேள்வி: நான் தினமும் முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிறவள். நெற்றியில் விபூதி உண்டு. குருத்வாராவுக்குப் போகலாமா? தப்பாக நினைப்பார்களா?
— ஒரு பாட்டி

தாராளமாகப் போங்கள் அம்மா. விபூதியை அழிக்க வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தலையை முந்தானையால் மூடிக்கொள்ளுங்கள். புகையிலை போட்ட வெற்றிலைப் பை இருந்தால் வெளியிலேயே வைத்துவிடுங்கள், அதில் மட்டும் அவர்கள் கண்டிப்பு. நூலின் முன் நெற்றி தரையில் படும்படி வணங்குவார்கள். உங்களுக்கு மனமிருந்தால் செய்யலாம், இல்லை என்றால் கைகூப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். தேங்காய், பூ, சூடம் எதுவும் எடுத்துப் போக வேண்டாம். காலை நூலின் பக்கம் நீட்டாமல் உட்காருங்கள். முட்டி வலி இருந்தால் ஓரத்தில் இடம் கேட்டால் தருவார்கள். கீர்த்தனை அர்த்தம் புரியாது, பரவாயில்லை, ராகம் உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். முடிந்ததும் கடா பிரசாதம் தருவார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரையில் செய்த சூடான அல்வா. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள். அப்புறம் லங்கர் என்கிற பொதுப் பந்தியில் சாப்பிடாமல் கிளம்பினால்தான் தப்பாக நினைப்பார்கள்.